பிரிஜாவுக்குச் சுகமான பிறகு

பிரிஜாவின் கழுத்தில் அந்தக் கட்டியை முதலில் பார்த்தவள் லிஜா. பிளஸ் டூ வகுப்பில் இரண்டு பேருக்கும் ஒரே பெஞ்சு. இரண்டாயிரத்து ஏழாம் வருஷம் அரைப்பரீட்சை நெருங்கிய சமயம், பிரிஜா பின்னலைத் தூக்கி முன்னால் போட்டபோது லிஜா விரலால் தொட்டுப் பார்த்தாள். "ஏட்டி, இதென்ன நெல்லிக்கா மாதிரி?" என்றாள். தொட்டால் வலிக்கவில்லை. வலிக்காத ஒன்றை வீட்டில் போய்ச் சொல்வானேன் என்று பிரிஜா விட்டுவிட்டாள். வீட்டு முற்றத்தில் கிறிஸ்துமஸ் குடில் கட்டுவதற்குள் அது எலுமிச்சங்காய் அளவுக்கு வந்துவிட்டது. ராத்திரிகளில் காய்ச்சலும், உடுப்பு நனைகிற அளவுக்கு வியர்வையும்.

குளச்சலுக்கு மேற்கே கடலை ஒட்டிய ஊர் அவர்களுடையது. அப்பா ஏசுஅடிமை பஹ்ரைனில் மீன்பிடி லாஞ்சில் வேலை செய்தார். வீட்டில் அம்மா ரீத்தாவும் பிரிஜாவும் மட்டும்தான். குளச்சல் டாக்டர் நாகர்கோவிலுக்கு அனுப்பினார். நாகர்கோவிலில் கட்டியைத் தடவிப் பார்த்துவிட்டு, உட்காரக்கூடச் சொல்லாமல், திருவனந்தபுரத்துக்குப் போங்கள் என்றார்கள். அங்கே கட்டியிலிருந்து கொஞ்சம் சதை எடுத்துப் பார்த்து, நிணநீர்க் கணுவில் வரும் புற்றுநோய் என்றார்கள். "பேடிக்கண்டா, இது மாறும்" என்று மலையாளத்தில் சொன்னார் பெரிய டாக்டர், பயப்படாதே, குணமாகிவிடும் என்று.

வெளியே வந்ததும் ரீத்தா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு முதலில் சொன்னது இதுதான். "ஊர்ல ஒருத்தருக்கும் தெரியப்பிடாது மக்கா."

திருவனந்தபுரத்தில் சித்திக்கு ஆபரேஷன், துணைக்குப் பிரிஜா போய் நிற்கிறாள் என்று ஊருக்குச் சொல்லப்பட்டது. பரீட்சை எழுத வேண்டிய பிள்ளையை எந்தத் தாய் துணைக்கு அனுப்புவாள்? ஊர் அதை நம்பவில்லை. நம்பிய மாதிரி தலையாட்டிக் கேட்டுக்கொண்டது.

ஆஸ்பத்திரியில் அவளை எங்கே படுக்க வைப்பதென்பதே ஒரு குழப்பமாக இருந்தது. குழந்தைகள் வார்டில் சுவர் முழுக்க யானையும் முயலும் வரைந்திருந்தார்கள். கட்டில்கள் அவள் கால் நீட்டப் போதாது. பெரியவர்கள் வார்டில் பேரன் பேத்தி எடுத்த பெண்கள். "இந்தப் பிராயத்திலயா?" என்று ஒவ்வொருத்தியும் கன்னத்தில் கைவைத்துக் கேட்டுவிட்டு, அவளுக்குக் கேட்கும்படியாகவே அடுத்த கட்டில்காரியிடம் பரிதாபப்பட்டுக்கொண்டாள். குழந்தைகளுக்கு விளையாட்டுக் காட்ட ஆள் வருவார்கள். கிழவிகளுக்குப் பிரார்த்தனை சொல்ல ஆள் வருவார்கள். பதினேழு வயதுக்காரியிடம் என்ன பேசுவதென்று தெரிந்தவர்கள் அங்கே யாரும் இல்லை. சிவப்பு மருந்து நரம்பில் ஏறும்போது அவள் கூரையில் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடப்பாள். தலைமுடி தலையணையோடு போனது. தலையணையை அம்மா தட்டும்போது மட்டும் கண்ணை மூடிக்கொள்வாள்.

லிஜா ஒரே ஒரு தடவை வந்தாள். எப்படியோ விஷயம் தெரிந்து, பஸ் பிடித்துத் தன்னந்தனியாக வந்துவிட்டாள். துண்டு கட்டிய தலையைப் பார்த்ததும் வாசலிலேயே நின்று ஏங்கி ஏங்கி அழுதாள். பிரிஜா எழுந்துபோய் அவளைச் சமாதானப்படுத்தி, தண்ணீர் வாங்கிக்கொடுத்து, பஸ் ஸ்டாண்டுக்கு எப்படிப் போக வேண்டுமென்று சொல்லி அனுப்பினாள். அதற்குப் பிறகு லிஜா வரவில்லை. கல்லூரி, கல்யாணம், சவுதி என்று அவள் வாழ்க்கை வேறு பக்கம் போய்விட்டது. பிரிஜாவுக்கு அவள்மேல் கோபமில்லை. வந்து அழுதவளாவது அவள் ஒருத்திதான்.

மருந்தும் கதிர் வைத்தியமும் முடிந்து ஊருக்குத் திரும்பிய அன்று ரீத்தா கோவிலில் மெழுகுதிரி கொளுத்தினாள். எல்லாம் மாறியாச்சு, இனி அந்தப் பேச்சே வேண்டாம் என்று வீட்டில் ஒரு தீர்மானம் ஆனது. யாரும் வாய்விட்டுச் சொல்லாத தீர்மானம். பஹ்ரைனிலிருந்து போன் வரும்போது அப்பா, "சொகமா இருக்கியா மோளே?" என்பார். "சொகந்தான் அப்பா" என்பாள். அதற்குமேல் இரண்டு பேருக்கும் வார்த்தை ஓடாது. கடலிரைச்சல் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும், அந்தப் பக்கத்துக் கடலா இந்தப் பக்கத்துக் கடலா என்று தெரியாமல்.

சுகமானதற்குப் பிறகுதான் உண்மையான கஷ்டம் ஆரம்பித்தது என்று பிரிஜாவுக்குத் தெரிய நாளானது. நோயாக இருக்கும்போது என்ன செய்ய வேண்டுமென்று யாராவது சொன்னார்கள். இப்போது சொல்ல ஆளில்லை. தனித்தேர்வராகப் பிளஸ் டூ எழுதினாள். நாகர்கோவிலில் பி.காம். சேர்ந்தாள். வகுப்பில் எல்லோரும் அவளைவிடச் சின்னவர்கள். ஏன் பிந்திப்போனாய் என்று கேட்டால் மஞ்சள்காமாலை என்பாள். கழுத்து மூடிய சுடிதார்தான் எப்போதும். கதிர் வைத்ததில் தைராய்டு போய்விட்டதால் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. பல் தேய்க்கிறதுக்கு முந்தி கழுத்தின் இரண்டு பக்கமும், கக்கமும் விரலால் ஓட்டிப் பார்த்துக்கொள்வாள். ஒன்றும் இல்லையென்றால் அந்த நாள் அவளுடையது. ஜலதோஷம் வந்து ஏதாவது திரண்டிருந்தால், அது வற்றுகிறவரைக்கும் சோறு இறங்காது. சாவகாசமாகச் சிரித்துக்கொண்டிருப்பாள், விரல் தானாகக் கழுத்துக்குப் போய்க்கொண்டிருக்கும்.

படிப்பு முடிந்து கோட்டாறில் ஒரு டைல்ஸ் கடையில் பில் போடும் வேலைக்குச் சேர்ந்தாள். அடுக்கி வைத்த பளபளப்பான தரைக்கல் மாதிரிகளுக்கு நடுவே கண்ணாடிக் கூண்டு. புதுவீடு கட்டுகிறவர்கள் புருஷனும் பெண்டாட்டியுமாக வந்து, குளியலறைக்குப் பச்சையா நீலமா என்று சண்டை போடுவார்கள். அவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பதில் அவளுக்குச் சலிப்பே வரவில்லை.

இரண்டாயிரத்துப் பதின்மூன்றில், மறுபரிசோதனைக்குப் போயிருந்த ஒரு நாளில், காத்திருக்கும் கூடத்தில் ஒரு பெண் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பெயர் லட்சுமிப்ரியா. நாகர்கோவில்காரி, சமூகப்பணியில் பி.எச்டி. செய்கிறாள். சின்ன வயதில் புற்றுநோய் வந்து மீண்டவர்கள் அதற்குப் பிறகு எப்படி வாழ்கிறார்கள், அவர்களுக்கு என்ன உதவி வேண்டியிருக்கிறது என்பதுதான் ஆராய்ச்சி. "விருப்பம் இருந்தா மட்டும் பேசினாப் போதும். பேரு எங்கயும் வராது" என்றாள்.

"என்னத்தப் பேச?" என்றாள் பிரிஜா.

"உங்களுக்கு என்ன தோணுதோ, அத."

வீட்டுக்கு வரச் சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை கோட்டாறு பேராலயத்துக்குப் பூசைக்குப் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்தாள். பூசை முடிந்து கூட்டம் கலைந்தபின் வளாகத்து மரநிழலில் இருவரும் உட்கார்ந்தார்கள். லட்சுமிப்ரியா சின்ன ரெக்கார்டரை நடுவில் வைத்து, "வைத்தியம் முடிஞ்ச பிறகு, பயம் வந்தா யாருட்ட சொல்லுவிய?" என்று கேட்டாள்.

பிரிஜா ரெக்கார்டரைப் பார்த்தாள். அந்தக் கேள்வியை இதுவரை ஒருவரும் கேட்டதில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பிறகு பேசத் தொடங்கினாள். காலையில் கழுத்தைத் தொட்டுப் பார்ப்பது, தலையணை, மஞ்சள்காமாலைப் பொய், லிஜா வாசலில் நின்று அழுதது எல்லாம் கொட்டின. நிழல் நகர்ந்து வெயில் மடியில் விழுந்ததைக்கூட அவள் கவனிக்கவில்லை. லட்சுமிப்ரியா நடுவே பேசவில்லை, கண்ணைத் துடைக்கவில்லை, பரிதாபமாகப் பார்க்கவும் இல்லை. கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டாவது ஞாயிறும் அப்படியே. மூன்றாவது ஞாயிறு ஒரு கேள்வி வந்தது.

"பிள்ளை பெறுறதப் பத்தி டாக்டர் யாராவது உங்ககிட்ட பேசினாங்களா?"

பிரிஜாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அதுக்கென்ன? அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

சில மருந்துகள் சிலருக்கு அதைப் பாதிக்கலாம், டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள் என்று லட்சுமிப்ரியா பதற்றத்தோடு விளக்கினாள். வீட்டுக்கு வந்த பிரிஜாவுக்கு அடுத்த பரிசோதனை வரைக்கும் புதிதாக ஒரு பயம் துணைக்கு வந்தது. டாக்டரிடம் கேட்டபோது, உனக்குக் கொடுத்த மருந்தில் பெரும்பாலும் தொந்தரவு வராது என்றவர், "இத்தனை நாளா ஏன் கேக்கல?" என்றார். கேட்கலாம் என்று யாரும் சொல்லவில்லையே என்று அவள் மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

அந்தப் பரிசோதனைக்கு முன்பே, நாலாவது ஞாயிறும் பிரிஜா பேராலயத்துக்குப் போனாள். பூசை முடிந்து மரநிழலில் உட்கார்ந்திருந்தாள். வெகுநேரம் பார்த்துவிட்டுப் போன் செய்தாள். "எக்கா, இன்னைக்கு வரல்லியா?"

"பிரிஜா, உங்க பேட்டி போன வாரத்தோட முடிஞ்சுதே. சொன்னேனே... ரொம்ப உதவியா இருந்துது."

"ஆமாலா. மறந்துபோச்சு" என்று வைத்துவிட்டாள்.

மறக்கவில்லை. சொன்னதும் நினைவிருந்தது. ஆனாலும் பேச்சு என்பது அப்படி முடிந்துபோகும் என்று அவளுக்குத் தோன்றியிருக்கவில்லை. மைதானத்தில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். எழுந்து சுடிதாரில் ஒட்டிய சருகைத் தட்டிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தாள். அதற்குப் பிறகு வந்த சில மாதங்கள்தான் அவள் வாழ்க்கையிலேயே தனிமை மிகுந்த மாதங்கள். பேச ஆள் இல்லாதபோது இல்லாமலிருந்த ஒரு தவிப்பு, ஒரு வெப்ராளம், பேசிப் பழகிய பிறகு வந்து நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது.

மறு வருஷம் ஆடி மாதம் லட்சுமிப்ரியா போன் செய்தாள். ஆராய்ச்சியில் தெரிந்த விஷயங்களை, பேசியவர்களிடமே முதலில் சொல்ல விரும்புகிறாள். நாகர்கோவிலில் ஒரு கல்லூரி அறையில் கூட்டம். வர விருப்பமில்லையென்றால் வற்புறுத்தல் இல்லை. பிரிஜா கடையில் லீவு சொன்னாள்.

பெரிய அறை. வரிசை வரிசையாக நாற்காலி. வந்திருந்ததோ மூன்று பேர். பிரிஜா ஒருத்தி. மார்த்தாண்டத்தில் செல்போன் கடை வைத்திருக்கும் ஜெயசிங், பள்ளிக்கூட நாளில் ரத்தப் புற்றுநோய் வந்து மீண்டவன். மூன்றாவது ஆள், வெள்ளை வேட்டி கட்டிய வயதானவர். தோவாளைக்காரர், பிச்சிப்பூ தோட்டம் வைத்திருப்பவர். பெயர் தாணுலிங்கம்.

"சிவதாணுக்க அப்பன்" என்றார்.

"சிவதாணு வரலியா சார்?" என்று லட்சுமிப்ரியா சிரித்த முகத்தோடு கேட்டாள்.

"அவன் பங்குனியில போயிட்டாம்மா. திரும்பக் கால் எலும்புலதான் வந்துது." அவர் நிதானமாகச் சொன்னார். "போன வாரம் நீங்க கூப்பிட்டது அவன் போனுக்கு. நான்தான் எடுத்தேன். வாறியளான்னு கேட்டிய. வாறோம்னு சொல்லிப்போட்டேன். அவன் பேசின காரியம், அது என்னாச்சுன்னு யாராவது வந்து கேக்கணும்லா."

லட்சுமிப்ரியாவின் கையிலிருந்த காகிதங்கள் நழுவின. ஜெயசிங் குனிந்து பொறுக்கிக் கொடுத்தான். அவள் எப்படியோ திரையில் படங்களைக் காட்டிப் பேசினாள். இளவயதினருக்குத் தனி வார்டு தேவை, வைத்தியம் முடிந்த பிறகும் பேசுவதற்கு ஆள் தேவை, குடும்பத்துக்கும் ஆலோசனை தேவை. எல்லாம் சரிதான். முடித்ததும் தாணுலிங்கம் எழுந்தார்.

"அவன் பேசினத டேப்பு பிடிச்சிருப்பியள்லா? அதக் கொஞ்சம் போடுங்கம்மா. என்ன பேசினான்னு வேண்டாம். சத்தத்தக் கேட்டா மதி, அது போதும்."

"சார்..." லட்சுமிப்ரியாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "வேற யாரும் கேக்க மாட்டாங்கன்னு அவருக்கு வாக்குக் குடுத்துருக்கேன். வீட்டாளுங்க உட்பட."

"அப்பன் வேற ஆளா?"

அவர் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். யாரிடம் என்றில்லாமல், "எங்ககிட்ட பேச முடியாத எந்தக் காரியத்த இவங்ககிட்ட பேசியிருப்பான்?" என்றார்.

பிரிஜா எழுந்து அவருக்கு எதிர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். அப்படிச் செய்வாள் என்று அவளே எதிர்பார்க்கவில்லை.

"ஐயா, உங்க மகன் என்ன பேசினாருன்னு எனக்குத் தெரியாது. நான் பேசினதச் சொல்லட்டா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"எங்கம்ம எந்திச்சதும் முதல்ல என் முகத்தத்தான் பாப்பா. அதுக்காவ நான் அவளுக்கு முன்னாடியே எந்திச்சு, முகத்தக் கழுவீட்டு, சிரிச்ச மாதிரி இருந்துக்கிடுவேன். வருசக்கணக்கா அப்படித்தான். ஒரு நாளு கெடந்து அழணும்னு இருக்கும். அழுதா அவ அன்னைக்குத் தின்னமாட்டா. அதனால அழப்பிடாது. உங்க மேல நம்பிக்கை இல்லாம இல்ல ஐயா. உங்க முகத்தப் பாக்க முடியாது, அதான்."

ஜெயசிங் பின்னாலிருந்து, "உள்ளதுதான்" என்றான்.

தாணுலிங்கம் தோள் துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். "காலைல பூப்பறிக்க நான் கெளம்பும்போ அவன் போன்ல பாட்ட உச்சத்துல வைப்பான். வெளுப்புக்கே என்னலே எரைச்சல்னு நான் ஏசுவேன். நான் படி எறங்கி மறையது வரைக்கும் பாடும்..." நிறுத்தி அவளைப் பார்த்தார். "வலியில மொனங்குது எனக்குக் கேக்காம இருக்கதுக்கா பிள்ள?"

"இருக்கலாம் ஐயா. எனக்குத் தெரியாது."

"இருக்கும். அவன் அப்படித்தான்" என்றார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. மூன்று பேரும் அவரைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். சமாதானம் சொல்ல ஒருவரும் முயலவில்லை. கல்லூரி மணி அடித்தது, தாழ்வாரத்தில் பிள்ளைகள் சிரித்துக்கொண்டு போனார்கள்.

அன்று கேன்டீனில் சாயா குடித்துவிட்டு நம்பர் மாற்றிக்கொண்டார்கள். ஜெயசிங்கும் பிரிஜாவும் அதன்பிறகு பலமுறை பேசினார்கள். பரிசோதனைக்கு முந்தின நாள் ஒருவரையொருவர் கூப்பிட்டுத் திட்டிக்கொள்வது வழக்கமானது. "எக்கா, செத்துட்டா உங்க கடை டைல்ஸ்தான் என் கல்லறைக்கு. பத்து சதமானம் கழிவு வேணும்" என்பான். ஊரில் ஒருவரும் சிரிக்கத் துணியாத பேச்சுக்கு அவள் வயிறு வலிக்கச் சிரிப்பாள். அடுத்த வருஷம் அவனுக்குக் கல்யாணம் ஒத்துவந்தது. பத்திரிகை வரவில்லை. கல்யாணம் முடிந்து, கத்தாருக்குப் புறப்படுவதற்கு முந்தி, ஒரு மத்தியானம் போன் செய்தான்.

"எக்கா, தப்பா நெனக்கப்பிடாது. இனி இந்த நம்பருக்குக் கூப்பிடாண்டாம். நீங்க யாரு, எப்படிப் பழக்கம்னு அவ கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது."

"அவகிட்ட ஒண்ணும் சொல்லலியா?"

"இல்ல."

"சரி மக்கா. நல்லாயிரு" என்றாள். யாரிடமும் சொல்லக்கூடாத சங்கதியாக இத்தனை காலமும் தன் நோய்தான் இருந்தது. இப்போது தானே அப்படி ஆகிவிட்டோம் என்று தோன்றியது. எதிரே ஒரு தம்பதி அடுக்களைக் கல்லுக்கு விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள். பில் போட்டுக் கொடுத்தாள்.

அந்த வருஷக் கடைசியில் அவளைப் பெண் பார்க்க முட்டத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. வருவதற்கு முந்தி ரீத்தா, "ஒண்ணும் பேசாண்டாம், கேட்டியா?" என்று எச்சரித்திருந்தாள். பையனின் தாய் அன்பாகப் பக்கத்தில் உட்கார வைத்து, "சின்னதுல ஏதாவது தீனம் உண்டாடி மோளே?" என்று கேட்டாள். சும்மா கேட்ட கேள்விதான். பிரிஜா நோயின் பெயரைச் சொன்னாள். வருஷத்தைச் சொன்னாள். இப்போது ஒன்றுமில்லை என்பதையும் சொன்னாள். வந்தவர்கள் மரியாதையானவர்கள். சாயாவை முழுசாகக் குடித்துவிட்டு, மழை வருவதற்குள் போகிறோம் என்று எழுந்துகொண்டார்கள். வானத்தில் ஒரு மேகமும் இல்லை.

ரீத்தா அடுக்களையில் போய் நின்றாள். "எதுக்குட்டி சொன்ன?"

"ஒளிச்சு ஒளிச்சு எனக்குப் பெலன் இல்லம்மா."

"எனக்கு மட்டும் பெலன் இருக்கா?" என்று கேட்டபோதுதான் அம்மாவின் குரல் உடைந்தது. நோய் வந்த நாள் முதல் அம்மா அழுது பிரிஜா பார்த்ததில்லை. மகள் தூங்கிய பிறகு அழுது முடித்திருப்பாளோ என்னவோ. இரண்டு பேரும் அடுக்களைத் தரையில் உட்கார்ந்து அழுதார்கள். அடுப்பில் மீன்கறி அடிப்பிடித்த வாடை வந்ததும் ரீத்தா எழுந்துபோனாள். அதைப் பற்றி அவர்கள் பிறகு பேசிக்கொள்ளவில்லை. காலையில் பிரிஜா முகம் கழுவாமலே எழுந்து வரத் தொடங்கினாள், அவ்வளவுதான்.

இரண்டாயிரத்துப் பதினெட்டில் டாக்டர் அவளுடைய பழைய படங்களையெல்லாம் ஒன்றாக அடுக்கி வைத்துவிட்டு, "இனி இங்கோட்டு வரண்டா" என்றார், இனி இங்கே வர வேண்டியதில்லை என்று. தைராய்டை ஊரிலேயே பார்த்துக்கொள்ளலாம், பத்து வருஷம் தாண்டிவிட்டது. அவர் எழுந்து கை கொடுத்தார். பிரிஜாவுக்குச் சந்தோஷம் வரவில்லை. "சும்மாவாவது வருஷத்துக்கு ஒருக்க வந்து காட்டலாமா சார்?" என்று கேட்டாள். அவர் சிரித்தார், கேலி என்று நினைத்துவிட்டார். அவளுக்கு நடந்தது தெரிந்த ஒரே கட்டிடம் அதுதான் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

அம்மாவுக்குப் போன் செய்தாள். "மாதாவே!" என்று ரீத்தா கூவியது பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்டிருக்கும்.

திரும்பும்போது பாசஞ்சர் ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பாறசாலை தாண்டியதும் எதிர் இருக்கைக்காரி, கூடையை மடியில் வைத்திருந்த நடுவயதுப் பெண், பேச்சுக் கொடுத்தாள்.

"எங்க போயிட்டு வாற மோளே?"

"ஆஸ்பத்திரிக்கு."

"யாருக்குச் சொகமில்ல?"

"எனக்குத்தான். இப்ப இல்ல, முன்னாடி" என்று சொல்லி, ஆஸ்பத்திரியின் பெயரையும் நோயின் பெயரையும் மற்றவர்களுக்கும் கேட்கும் குரலில் சொன்னாள்.

அந்தப் பெண் "ஓ" என்றாள். கூடையை மடியோடு இறுக்கிக்கொண்டு வெளியே பார்க்கத் தொடங்கினாள். ரப்பர் மரங்களும் வாழைத்தோட்டங்களும் ஓடின. குழித்துறையில் அவள் திரும்பிப் பார்க்காமல் இறங்கிப்போனாள். ஏறியவர்கள் வேறு இடம் பார்த்து உட்கார்ந்தார்கள். பிரிஜா இறங்க வேண்டிய இரணியல் வரைக்கும் எதிர் இருக்கை காலியாகவே கிடந்தது. பிரிஜா செருப்பைக் கழற்றிவிட்டு, காலை நீட்டி அதன்மேல் வைத்துக்கொண்டாள்.